ஏர்கோன் வகுப்பும் ஒரு பொட்டுச் சந்தனமும்

மலிவாகக் கொடுத்தால் அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று நினைக்கிறவள் நான். கிள்ளான் பாசாரில் மீன்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தால், முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். சமூகக் கல்லூரியின் வாசலில் நின்றபோதும் எனக்கு அந்த நினைப்புத்தான். அரசாங்கம் நடத்துகிறது, வயது பார்ப்பதில்லை, கட்டணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, சான்றிதழ் முடித்தால் டிப்ளோமா, அதற்கு மேல் டிகிரி வரைக்கும் வழி இருக்கிறது என்று சுவரளவுக்குப் பதாகை கட்டியிருந்தார்கள். இவ்வளவு நல்லவர்களுக்கு எதற்கு இத்தனை பெரிய பதாகை என்று யோசித்துக்கொண்டேதான் உள்ளே போனேன்.

கவுண்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கேக் செய்யும் வகுப்பின் தாளை நீட்டினாள். என் முகத்தில் என்ன மாவா ஒட்டியிருந்தது? வேண்டாம் என்றேன். அடுத்து வணிகப் பிரிவின் தாள் வந்தது. சின்னக் கடை நடத்துவது, கணக்கு எழுதுவது, இணையத்தில் பொருள் விற்பது. அதுவும் வேண்டாம், ஏசி பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்கும் ஏர்கோன் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்டேன். மகனுக்கா என்றாள். எனக்கு என்றேன். அவள் பக்கத்து மேசைக்காரியைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

எனக்கு ஏர்கோன் மேல் தனியாக ஒரு காதலும் கிடையாது. சுபாங் ஜெயா பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தேன். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒரு நாள் சொன்னார்கள். எங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிய பிறகும் சிலர் மட்டும் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார்கள். யார் என்று பார்த்தால் ஏர்கோன் ஆட்கள். கட்டடத்தை விற்கிற வரைக்கும் அது குளிராக இருக்க வேண்டுமாம். மனிதர் இல்லாவிட்டாலும் ஏர்கோன் ஓட வேண்டும், அதைப் பார்க்க ஆள் வேண்டும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கல்லூரியில் வணிகப் பிரிவு மேல்மாடியில். அங்கே படிப்பவர்கள் சட்டையை உள்ளே விட்டு, சிலர் டைகூடக் கட்டிக்கொண்டு, கண்ணாடி அறையில் குளுகுளுவென்று உட்கார்ந்திருப்பார்கள். தொழில்நுட்பப் பிரிவு கீழே, தகரக் கூரை போட்ட பட்டறையில். ஏர்கோன் படிக்கிறவர்களுக்கு ஏர்கோன் கிடையாது. பரீட்சைக்காகச் சட்டத்தில் மாட்டிய சில ஏர்கோன்கள் உண்டு, ஆனால் அவை ஓடினால் அதற்குள் ஏதோ கோளாறு செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வியர்வை கண்ணில் இறங்க இறங்க நாங்கள் படித்தோம்.

பட்டறையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மலாய்க்காரர். என்சிக், அதாவது ஐயா, என்று அழைப்போம். அவர் என்னைக் கக் என்பார், அதாவது அக்கா. அவர் மலாயில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார். அவர் அடிக்கடி சொன்னது ஒன்றே ஒன்று. "கைய நம்பாதீங்க. கருவிய நம்புங்க." கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. மனிதரை நம்பாத எனக்கு நம்புவதற்கு ஏதோ ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எனக்குப் பக்கத்து மேசை ஒரு சீனருக்கு. சாலாக் செலாத்தானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஏதோ சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். இவர் பேச்சும் மலாயில்தான். என்னைவிட அப்படி ஒன்றும் இளையவர் அல்ல, ஆனாலும் என்னை ஆன்டி என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவர் மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. எல்லாவற்றிலும் எனக்கு அடுத்து நிற்பார், அல்லது எனக்கு முன்னால் நிற்பார்.

இனி என் வீட்டுக்காரர். கேரி தீவு எஸ்டேட்டில் பிறந்தவர், கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். எங்கள் வீட்டுச் சுவரில் மாதா படமும் முருகன் படமும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சண்டை எல்லாம் படத்துக்குக் கீழே இருக்கிற எங்களுக்குள்தான். கல்யாணமான முதல் வருடம் ஆயுத பூஜைக்கு லோரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தவர், அப்படியே வந்து என் தையல் மிஷினுக்கும் வைத்தார். நான் ஈரத்துணி எடுத்துத் துடைத்துவிட்டேன். "உங்க சாமானுக்கு என்ன வேணா செய்யுங்க, என் சாமான்ல கை வைக்காதீங்க," என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் வைத்ததில்லை. லோரி, ஸ்பேனர் பெட்டி, பழைய மோட்டார் சைக்கிள், அதோடு சரி.

நான் கல்லூரிக்குப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை. நேராகச் சொல்ல மாட்டார். "ஏணியில ஏறணுமா லா? இந்த முட்டிய வச்சுக்கிட்டா?" என்று கேட்பார். அவர் தங்கை கிள்ளானில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். அடுப்படிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தினமும் அண்ணனுக்குப் போன் செய்வாள். அவள் கடையில் நான் வெங்காயம் உரிக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்தின் நெடுநாள் ஆசை. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"போய்ப் படி. ஒரு பாடத்துல பெயிலானாலும் நிறுத்திடணும். அப்புறம் தங்கச்சி கடைக்குப் போ. சரியா?"

"சரி," என்றேன். ரோஷத்தில் சொன்னதுதான். தங்கச்சி கடையின் அடுப்படி எனக்குத் தெரியும். நெருப்புக்கு முன்னால் நிற்பதுகூடப் பரவாயில்லை, அவள் வாய்க்கு முன்னால் நிற்க முடியாது.

அந்தப் பருவத்தின் பெரிய செய்முறைப் பரீட்சை விஜயதசமியன்று வந்தது. அதற்கு முந்தைய வாரக் கடைசியில் என்சிக் எனக்கு டெம்பரேச்சர் கன் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்தார். தொற்றுக் காலத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேராக நீட்டினார்களே, அந்த மாதிரிதான், கொஞ்சம் பெரியது. முன்னால் குழாய்க்குள் சின்ன வட்டக் கண்ணாடி, பின்னால் எண் காட்டும் திரை. ஏர்கோன் காற்று வரும் வாயைக் குறிவைத்து அழுத்தினால் குளிர் எவ்வளவு என்று சொல்லிவிடும். வீட்டில் குளிர்பெட்டி, வெந்நீர், சுவர், பூனை என்று எல்லாவற்றையும் சுட்டுப் பழகினேன்.

ஆயுத பூஜையன்று காலையில் அவர் லோரியைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். என் கருவிகள் எல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தன. குனிந்து பார்த்துவிட்டு, "இதுல எது ரொம்ப முக்கியம்?" என்று கேட்டார்.

இத்தனை மாதத்தில் அவர் என் படிப்பைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. என்னை ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற பெருமையில் கன்னைத் தூக்கிக் காட்டினேன்.

"இதுதான். இது இல்லன்னா நாளைக்கி ஒண்ணும் செய்ய முடியாது."

"ஓ," என்றார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போய்விட்டார்.

மறுநாள் பரீட்சை. எனக்குக் கொடுத்த ஏர்கோனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏன் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். தண்ணீர் சொட்டுவதற்கு முக்கியமாக இரண்டு காரணம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். அல்லது உள்ளே கேஸ் குறைந்துபோய், குளிர் சரியாக வராமல், ஐஸ் கட்டி உருகிச் சொட்டலாம். முதலில் காற்றின் குளிரை அளக்க வேண்டும். பட்டறை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கன்னை நீட்டி அழுத்தினேன். பட்டறையில் இருந்த அதே சூட்டைக் காட்டியது. மறுபடி அழுத்தினேன். அதே எண்.

கையில் காற்று ஜில்லென்றுதான் பட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கையை நம்பாதே என்றுதானே பாடம். வெளியில் இத்தனை வெயிலுக்கு எந்தக் காற்றும் ஜில்லென்றுதான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கேஸ் குறைவு என்று எழுதிவிட்டு, கேஸ் உருளையை மாட்டப் போனேன். என்சிக் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கக், கைய இங்க வைங்க."

வைத்தேன். விரல் மரத்துப்போகிற குளிர்.

"இது கேஸ் இல்லாத ஏர்கோனா?"

நான் கன்னின் திரையை அவருக்குக் காட்டினேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த தாளில் ஏதோ குறித்தார். பக்கத்து மேசையில் சீனர் தன் வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழாய் அடைப்பை அவர் முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

எனக்கு ஒரே ஒரு காட்சிதான் மனத்தில் ஓடியது. காலையில் நான் வந்தபோது இந்த மனிதர் என் பையைத் தூக்கி மேசை மேல் வைத்தார். "ஆன்டி, தரை ஈரமா இருக்கு," என்றார். தரை ஈரமாக இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. என் பையை இவர் எதற்குத் தொட வேண்டும்? கன்னில் ஏதாவது பித்தானை மாற்றி வைத்திருப்பார். நான் கீழே விழுந்தால் வகுப்பில் முதலாவது அவர்தானே. கேன்டீனில் அவர் எனக்கு ஒரு தே தாரிக் வாங்கி வந்து வைத்தார். அதைத் தொடாமல் ஆறவிட்டேன்.

என்ன செய்து தொலைத்திருக்கிறார் பார்ப்போம் என்று கன்னை எடுத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பித்தான்கள் சரியாக இருந்தன. திரை சரியாக இருந்தது. முன்பக்கம் திருப்பிக் குழாய்க்குள் பார்த்தேன். வட்டக் கண்ணாடியின் மேல் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்தேன்.

சந்தனம்.

அந்தப் பட்டறையில் சந்தனம் புழங்குகிற வீடு என் வீடு ஒன்றுதான். ஆறிப்போன தே தாரிக்கை எடுத்துக் குடித்தேன். சீனர் "நல்லா இருக்கா ஆன்டி?" என்று கேட்டார். தலையாட்டினேன். என் மனம் அப்போது கிள்ளானுக்குப் போய்விட்டிருந்தது.

கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தேன். எது ரொம்ப முக்கியம் என்று கேட்டார். நானே காட்டிக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்திருக்கிறார். அதை மறைத்தால் கன் குருடாகிவிடும், கன் குருடானால் நான் பெயில், நான் பெயிலானால் தங்கச்சி கடை. பூஜை நாளாகப் பார்த்துச் செய்தால் கேட்டாலும் சாமி காரியம் என்று சொல்லிவிடலாம். என்ன மூளை என்று நினைத்தேன். இவ்வளவு மூளை உள்ள ஆள் ஏன் இத்தனை காலம் லோரி ஓட்டினார் என்றும் நினைத்தேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரத்தைத்தான் வெளியில் விட்டேன்.

வீட்டுக்குப் போனதும் கன்னை அவர் மடியில் வைத்தேன்.

"இது யார் வேல?"

அவர் தொலைக்காட்சியை அணைத்தார். "என்னாச்சு?"

"சந்தனம் யார் வச்சது?"

"நான்தான். நீ பாத்தா துடைச்சிருவியேன்னு உள்ள தள்ளி வச்சேன்."

ஒளிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அதுவே எனக்கு மேலும் சந்தேகமாக இருந்தது. அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அது பார்க்கும், அதை மறைத்ததால்தான் நான் பெயில் என்று சொன்னேன். அவர் முகம் செத்துப்போயிற்று.

"எனக்கு என்ன லா தெரியும்? லோரிக்கு முன்கண்ணாடியிலதான வைக்கிறேன்? முன்னுக்கு வைக்கிறதுதான முறை?"

"லோரி கண்ணாடி எவ்வளவு பெரிசு, இது எவ்வளவு? பொட்டு வச்சா லோரியில ரோடு தெரியும். இதுல என்ன தெரியும்?"

நான் விடவில்லை. "சொன்ன மாதிரியே தங்கச்சி கடைக்குப் போறேன். போன் பண்ணி சொல்லுங்க. சந்தோஷமா?"

"அது நீயா பெயிலானா," என்றார். "இது என்னால ஆனது. இது அதுல சேராது."

வார்த்தை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாட்டிக்கொண்டவர்கள் நன்றாகத்தான் பேசுவார்கள். நான் பாதிதான் நம்பினேன், மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன்.

மறுநாள் என்சிக்கிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் பார்த்தார், துணியால் துடைத்தார், முகர்ந்தும் பார்த்தார். ஒவ்வொரு பருவமும் எத்தனையோ கதை கேட்கிறவர், இது அவருக்குப் புதுக் கதை. நம்பினாரா என்று தெரியாது.

"கக், வேலைக்கு முந்தி கருவிய சோதிக்கணும். அதுவும் பாடம்தான். நீங்க சோதிக்கல. அதனால பெயில்."

"கருவிய நம்புங்கன்னு சொன்னீங்களே என்சிக்."

"சோதிச்சிட்டு நம்புங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறு பரீட்சை ஒண்ணு இருக்கு. அதுலயும் போனா அடுத்த வருஷம்தான்," என்றார்.

அடுத்த வருடம் என்றால் என் வரைக்கும் தங்கச்சி கடைதான். வீட்டுக்காரர் ஒரு தடவை விட்டுக்கொடுத்தார், இரண்டாம் தடவைக்கு அவரிடமும் வார்த்தை இருக்காது, என்னிடமும் ரோஷம் இருக்காது.

மறு பரீட்சை வரும் வரைக்கும் என் வீட்டிலேயே நான் காவல்காரி ஆனேன். கருவிப் பையைப் பழைய பயணப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அவர் பெட்டிப் பக்கம் போனால் நானும் போவேன். ஒரு நாள் பெட்டிக்கு மேல் இருந்த செய்தித்தாளை எடுக்கத்தான் போனார். என்னைப் பார்த்ததும் எடுக்காமலேயே திரும்பிவிட்டார். ஹெல்மெட் மட்டும் பெட்டிக்குள் அடங்கவில்லை. அதைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தேன்.

மறு பரீட்சையன்று காலையில் அவர் எனக்கு முன்பே எழுந்து குளித்திருந்தார். ரயில் நிலையம் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். பட்டறை ஹெல்மெட்டை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார். எதற்கு இத்தனை உபசாரம் என்று பார்த்தேன். "போய்ட்டு வா," என்றார், அவ்வளவுதான்.

ரயிலில் பையைத் திறந்து எல்லாவற்றையும் சோதித்தேன். பட்டறைக்குப் போனதும் இன்னொரு தடவை சோதித்தேன். கன்னின் கண்ணாடியைத் துடைத்து, ஐஸ் தண்ணீரை அளந்து பார்த்து, சரியாகக் காட்டுகிறது என்று என்சிக்குக்குக் காட்டிவிட்டுத்தான் ஹெல்மெட்டை மாட்டினேன். இந்தத் தடவை வெளியில் இருக்கும் பெட்டியில் விசிறி ஓடவில்லை. வெயிலில் நின்று, திருகுகளைக் கழற்றி, கெட்டுப்போன சாமானைக் கண்டுபிடித்து, மாற்றி ஓடவிட்டேன். வியர்வை கழுத்து வரைக்கும் ஓடியது. கன்னை நீட்டினேன், குளிர் இறங்கிக்கொண்டே வந்தது. கையையும் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே சொன்னன.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது என்சிக் என் முகத்தைப் பார்த்தார். கண்ணைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே எங்கேயோ பார்த்தார். உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "லூலுஸ், கக்," என்றார். பாஸ். சீனரும் வந்து பார்த்தார், அதே இடத்தைத்தான் பார்த்தார். "ஆன்டி, இன்னிக்கு அழகா இருக்கீங்க," என்றார். பாஸான சந்தோஷத்திலும் எனக்குச் சுருக்கென்றது. எதற்குச் சிரிக்கிறார்கள்? முகத்தில் கரி அப்பியிருக்கிறதா, ஏதாவது பின்னால் பேசிக்கொண்டார்களா? ரயிலிலும் எதிரே இருந்த ஒரு தமிழம்மா என்னைப் பார்த்துத் தெரிந்தவள் போலச் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நேராகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். நெற்றி நடுவில், வியர்வையில் கரைந்து, கோணலாகச் சந்தனம் ஒட்டியிருந்தது. பிறந்ததிலிருந்து சாம்பல் புதனன்று மாதா கோயிலில் பூசும் சாம்பலைத் தவிர எதையும் வைக்காத நெற்றி. ஹெல்மெட்டை எடுத்துத் திருப்பினேன். உள்ளே முன்பட்டையில், நெற்றி படுகிற இடத்தில், மீதிச் சந்தனம் இருந்தது.

அவர் கதவோரம் வந்து நின்றார்.

"என்ன இது?"

"உன் சாமான்ல கை வைக்காதேன்னு சொன்ன," என்றார். "அதான் சாமானுக்கு வைக்கல."

தண்ணீர்க் குழாயைத் திறந்தேன், கையை நனைத்தேன், பிறகு மூடிவிட்டேன். அவர் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், கேட்கத் தைரியமில்லாமல்.

"பாஸ்," என்றேன். "உங்க தங்கச்சிக்கு வேற ஆள் பாக்கச் சொல்லுங்க."

அந்த நெற்றியோடேயே போய் உலை வைத்தேன்.